எக்ஸ்பிரஸ் மாமா கேட்காத பின்பாதி

என் அக்கா புருஷனை லிஃப்ட் கம்பெனியில் எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி என்று அவருக்கு நினைப்பு. நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், மற்ற மெக்கானிக்குகள் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குள் இவர் மொட்டைமாடி ஏறி, மோட்டார் ரூமைத் திறந்து, பிரேக்கைக் கையால் தளர்த்தி, ஆளை வெளியே எடுத்து, டீயும் குடித்து முடித்திருப்பார். அதுவரைக்கும் சரி. அந்த அவசரத்தை டூல் பையோடு கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் நான் பாட்டுக்கு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மனுஷன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ நின்றுகொண்டே, டிவி நின்றுகொண்டே, செய்தித்தாள் நடந்துகொண்டே. பக்கத்துத் தெருவில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே பேசி முடித்துவிட்டுப் போய்விடுவார். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டார், அதுதான் பெரிய கொடுமை. "மாமா, நாளைக்கு நான்..." என்று ஆரம்பித்தால், "லீவா? எங்க போற? சரி, பாத்துப் போயிட்டு வா," என்று அவரே முடித்து, அவரே பதிலும் சொல்லி, வண்டியையும் கிளப்பியிருப்பார். அவர் வண்டியை நாளைக்கு எனக்குத் தர முடியுமா என்று கேட்க வந்திருப்பேன். ஆனால் பாதி நேரம் அவர் ஊகித்தது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால்தான் அவருக்கு அவ்வளவு தைரியம்.

அக்கா அவருக்கு நேர் எதிர். ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் அவளுக்கு வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒரு மைக்கும் ஒரு மின்விசிறியும். நாள் முழுக்க எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம், எவ்வளவு தாமதம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தலைக்கு மேலேயே பெரிய போர்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். "போர்டுல போட்டிருக்கே, பாருங்கன்னு நான் சொல்றதில்ல. அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஒரு ஆளு வாய் திறந்து சொன்னாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை," என்பாள். கேள்வி கேட்பவர் தன் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த கதையை நடுவில் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் பிளாட்பாரம் சொல்வாள். வீட்டுக்கு வந்தும் பேச்சு ஓயாது. மிச்சத்தை எனக்கு போன் போட்டுப் பேசுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் காலையில் அந்தக் கவுண்டரிலேயே பேச்சு குழறியது. வரிசையில் நின்றவர்கள் மைக் ரிப்பேர் என்று நினைத்தார்களாம். பக்கத்து கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் பிழைத்தாள். வலது கை தொங்கிப்போனது, வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். பேச்சு போய்விட்டது. புத்தி போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் சொல்வதெல்லாம் புரியும். தலையாட்டுவாள், முறைப்பாள், சிரிப்பாள். சொல்ல நினைத்த சொல் மட்டும் வாய்க்கு வராது. ஒரு வார்த்தை வரும், அடுத்தது வராமல் முகம் சிவந்து நிற்பாள். பேசாத அக்காவை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகைக்கு நர்ஸ் வந்து அதட்டினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு டாக்டரம்மா. கறார் பேர்வழி. முதல் நாளே மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்ப விட்டா அப்புறம் பிடிக்கறது கஷ்டம். இந்த ஆரம்ப மாசங்கள்லதான் பேச்சு திரும்பும். நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சாப் போதும். கேள்வி கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க. அவங்க தேடட்டும். நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க," என்றாள்.

எக்ஸ்பிரஸிடம் போய்ச் சும்மா இரு என்றால்? அக்கா "த..." என்று வாயைத் திறப்பாள். "தண்ணியா? தலைவலியா? தலகாணியா? தங்கச்சியக் கூப்பிடணுமா?" என்று மாமா ஏலம் போடுவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "சரி சரி, தூக்கம் வருது போல," என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார். கெட்ட எண்ணம் துளி கிடையாது. அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னிவிட்டு, கோணல்மாணலாகப் பொட்டும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அவள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் அவரால் முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் செயற்கை நுண்ணறிவு எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. வந்தது லிஃப்ட் வழியாக.

கம்பெனியில் எல்லா மெக்கானிக்குகளின் போனிலும் ஒரு ஏ.ஐ. செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். புது மாடல் லிஃப்டுகளில் கோளாறு வந்தால் சின்னத் திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் காட்டும். அதைப் படம் எடுத்துக் கேட்டால் என்ன கோளாறு என்று அது சொல்லும். "இத்தனை வருஷம் காதை வெச்சே கண்டுபிடிச்சவன் நான், எனக்கு இது பாடம் எடுக்குதா?" என்று முதல் வாரம் முழுக்கப் பொருமினார். பிறகு யாரும் பார்க்காதபோது ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். டக்கென்று பதில் வந்தது. காக்க வைக்காத ஒரு ஆளை வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்த சந்தோஷம் அவருக்கு. அதற்குப் பின் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு தடவை அது தப்பாகச் சொன்னது. கதவு சென்சாரில் தூசி என்று அடித்துச் சொல்லியிருக்கிறது. இவர் துடைத்தார், மறுபடி துடைத்தார், கழற்றி மாட்டினார். கடைசியில் பார்த்தால் எலி வயரைக் கடித்திருக்கிறது. அன்றைக்கு என்னிடம் வந்து, "அது மேல தப்பில்லம்மா. அந்தக் கட்டடத்துல எலி இருக்குன்னு நான் சொல்லவே இல்ல. நாம சொன்னதை வெச்சுத்தான அது சொல்லும்," என்று நியாயம் பேசினார். நல்ல பாடம். அதை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டார் என்பதுதான் பின்னால் வந்த வினை.

மெல்ல மெல்ல வீட்டு விஷயங்களையும் அதனிடமே கேட்கத் தொடங்கினார். வாஷிங் மெஷின் ஏன் ஆடுகிறது, அக்காவின் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, வேறு ஊரில் இருக்கிற மகளுக்கு அவள் பயப்படாதபடி உடம்பு நிலவரத்தை எப்படி எழுதுவது, கஞ்சி கட்டி தட்டாமல் இருக்க என்ன செய்வது. எழுதக்கூட மாட்டார், பேசுவார். நடந்துகொண்டே போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, சமையலறையிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து சமையலறைக்கும். பதில் வர ஆரம்பித்ததும், வேண்டியது கிடைத்துவிட்டால் மிச்சத்தைக் கேட்கமாட்டார். திரையில் தட்டி நிறுத்திவிடுவார். மனுஷர்களிடம் முப்பது வருஷமாகச் செய்கிற வேலை, மெஷினிடம் மட்டும் மாற்றியா செய்வார்?

அப்புறம் அவருக்கு அந்த யோசனை வந்தது. அக்காவுக்கு ஒரு வார்த்தைதான் வருகிறது. மிச்ச வார்த்தைகளை இது போட்டுக் கொடுத்தால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூராவும் அக்காவைப் பற்றி அதற்குச் சொன்னார். அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, காலையில் எழுந்ததும் என்ன கேட்பாள், யார் மேல் பாசம், யார் மேல் கோபம், எப்படிப் பேசுவாள். அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே இடது கையை ஆட்டினாள். "இரு, இரு, முடிச்சிடறேன்," என்றார் மாமா.

மறுநாள் எனக்கு போன். "உடனே வா, உங்கக்கா பேசறா!" நான் கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். மாமா போனை அக்கா வாயருகே பிடித்தார். அக்கா, "செடி..." என்றாள். போனிலிருந்து ஒரு பெண் குரல், கணீரென்று, "பால்கனியில இருக்கற செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திடுங்க, வாடிப்போயிருக்கும்," என்றது. அக்கா தலையாட்டினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன். மாமா குதித்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் எனக்கு ஏதோ உறுத்த ஆரம்பித்தது. அக்கா முன்னெல்லாம் ஒரு வார்த்தைக்கு அப்புறம் இன்னொன்றுக்காக வாயைக் கோணிக்கொண்டு போராடுவாள். இப்போது ஒன்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கிறாள். அது என்ன சொன்னாலும் தலையாட்டுகிறாள். ஒரு நாள் "கத்தரி..." என்றாள். "எனக்குக் கத்தரிக்காயே பிடிக்காது, செய்ய வேண்டாம்," என்றது போன். அக்கா என்னைப் பார்த்தாள், தலையைக்கூட ஆட்டவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கத்தரிக்காய் என்றால் உயிரை விடுகிறவள் அவள். பயிற்சிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா, "போன மாசம் வந்த வார்த்தைகூட இப்ப வரல. வீட்ல என்ன நடக்குது?" என்று கேட்டாளாம். மழை, வெயில், சோர்வு என்று மாமா எதையோ சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

அந்த வாரம்தான் ரயில் நிலையத்திலிருந்து மேலதிகாரி கூப்பிட்டார். அக்காவின் லீவு முடியப்போகிறது. திரும்பி வருகிறாளா, உடம்பைக் காரணம் காட்டி ஓய்வில் போகிறாளா, முடிவு சொல்ல வேண்டும். மாமா ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம். அதிகாரி பேசி வைத்ததும் அக்கா எழுந்து உட்கார்ந்து, "கவுண்டர்..." என்றிருக்கிறாள். அவ்வளவுதான். மாமா போனை எடுத்தார், நீட்டினார். "அந்தக் கவுண்டர் வேலை எனக்கு அலுத்துப்போச்சு, விட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்கணும்," என்றது அது. மாமா வழக்கம்போலத் திரையைத் தட்டி நிறுத்தினார். அக்கா இடது கையால் போனைத் தட்டிவிட்டாள். கீழே விழுந்து ஓரம் நொறுங்கியது. "பாரு, அந்த வேலை மேல அவளுக்கு எவ்வளவு ஆத்திரம்!" என்று மாமா அதை எடுத்து, துடைத்து, அதையே கொண்டு நாலு வரி மெசேஜ் தயார் செய்து, அங்கேயே, நின்ற இடத்திலேயே, அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்.

நான் சாயங்காலம் போனபோது பெரிய காரியம் முடித்த முகத்தோடு விஷயத்தைச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். இடது கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "இல்ல," என்றாள். "இல்ல... இல்ல..." அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. துடைத்துக்கொள்ளக்கூட என் கையை விடமாட்டேன் என்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு, வயசு, உறவு எதுவும் பார்க்கவில்லை. "யாரக் கேட்டு அனுப்பினீங்க?"

"அவதாம்மா சொன்னா. போன்ல..."

"போன் சொல்லுச்சு. போனுக்கு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். நானா இட்டுக்கட்டியா சொன்னேன்? தினமும் வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டும்போதே அவ சொல்றதுதான். இந்தச் சனியன் பிடிச்ச வேலையை விட்டுத் தொலைக்கணும்னு. நீ கேட்டதில்லையா?"

கேட்டிருக்கிறேன். ஆனால் நான் போனில் முழுசாகக் கேட்டிருக்கிறேன். "இந்தச் சனியன் பிடிச்ச வேலையை விட்டுத் தொலைக்கணும்டி," என்று ஆரம்பிப்பாள். "விட்டுட்டு நாள் பூரா இந்த மனுஷன் முகத்தையா பாத்துட்டு இருக்கறது? இதுவே தேவலாம். அந்தச் சத்தம் இல்லாம எனக்குச் சோறு இறங்காது." ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடியும். கத்தரிக்காயும் அதே கதைதான். கத்தரிக்காய் பிடிக்காது என்று ஆரம்பித்து, மாமா வாங்கி வருகிற முற்றின காய்தான் பிடிக்காது என்று முடிப்பாள்.

இதைச் சொன்னதும் மாமா, "அப்படியெல்லாம் என்கிட்ட அவ சொன்னதே இல்ல," என்றார்.

"சொல்லியிருப்பா. அதுக்குள்ள நீங்க மாடிப்படி இறங்கியிருப்பீங்க," என்றேன். "எத்தனை வருஷமா அவகூட இருக்கீங்க? அவ பேச்சுல முன்பாதிதான் உங்களுக்குத் தெரியும். அதைத்தான் அந்த மெஷினுக்குக் கத்துக் கொடுத்திருக்கீங்க."

அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். பழைய பதில்களெல்லாம் அதில் அப்படியே பதிவாகியிருந்தன. காலையில் அது சொன்னதை மறுபடி ஓடவிட்டேன். "...விட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்கணும்." மாமாவின் விரல் பழக்கதோஷத்தில் திரையைத் தட்ட வந்தது. நான் கையைத் தள்ளிவிட்டேன். குரல் தொடர்ந்தது. "இது நீங்க முன்னாடி சொன்னதை வெச்சு நான் செஞ்ச யூகம்தான். அவங்க நினைக்கறது வேறயா இருக்கலாம். முக்கியமான முடிவுங்கறதால, சரியா இல்லையான்னு அவங்ககிட்டயே கேளுங்க. பதில் சொல்ல நேரம் குடுங்க."

இன்னொன்றைப் போட்டேன். கத்தரிக்காய். அதற்கும் கடைசியில் அதே மாதிரி ஒரு வால். செடி. அதற்கும். ஒவ்வொரு தடவையும் அது சொல்லியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இவர் தட்டி நிறுத்தியிருக்கிறார். மெஷினையும் முழுசாகப் பேசவிடவில்லை மனுஷன்.

மாமா உட்கார்ந்தார். தரையில், கட்டிலுக்குக் கீழே, யாரும் சொல்லாமல். அவர் பாவம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கட்டிலிலிருந்து கையைக் கீழே தொங்கவிட்டு அவர் தலைமேல் வைத்தாள்.

மறுநாள் அதிகாரிக்கு போன் போட்டு போனில் பேசுகிற ஏ.ஐ.யை நம்பி அனுப்பியதால் மெசேஜ் தப்பாகப் போய்விட்டது என்றார். அந்த ஆள் லேசில் விடவில்லை. "நேத்து வேண்டாம்னு வருது, இன்னிக்கு வேணும்னு வருது. எதை நான் நம்பறது? நீங்க சொன்னாலும் ஆகாது, போன் சொன்னாலும் ஆகாது. அவங்களே நேர்ல வந்து வாயால சொல்லட்டும். அது கவுண்டர் வேலை. வாயால சொல்ல முடியலன்னா ஓய்வுதான்," என்று அடுத்த வாரம் ஒரு நாள் கொடுத்தார்.

அக்காவின் இத்தனை வருஷத்து நாற்காலி இப்போது ஒரு வாக்கியத்தில் தொங்கியது. அந்த வாக்கியத்தை அவள் வாய் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் இருக்கப்போவதோ எக்ஸ்பிரஸ்.

டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை, போனை வாங்கிப் பார்த்தாள். "இதைத் தூக்கிப் போட வேண்டாம். அவங்களுக்காகப் பேசத்தான் கூடாது. அவங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்க. கேட்டுட்டு சும்மா இருக்கச் சொல்லுங்க," என்றாள்.

அங்கேயும் ஒரு சிக்கல். அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடுகிற இடைவெளியில், பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அது முந்திக்கொள்ளும். "இதுவும் உங்க ஜாதகம்தான் சார்," என்று டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தாள். அதற்கு வேறு வழி இருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினால், விரலை எடுக்கிறவரைக்கும் அது வாயைத் திறக்காது. அக்காவின் ஒரு கை தொங்கிக் கிடக்கிறது, இன்னொன்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே பட்டன் மாமாவின் பொறுப்பு. அவள் முடிக்கிறவரைக்கும் கட்டைவிரலை எடுக்கக்கூடாது, ஒரு சொல் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

அந்த வாரம் அந்த வீட்டில் நான் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. போன் கேட்கும், "இன்னிக்கு என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?" மாமா பட்டனை அழுத்துவார். அக்கா "நான்..." என்பாள். மௌனம். மாமாவின் கால் தாளம் போடும். நெற்றி வியர்க்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். லிஃப்ட் கதவு மூடிவிடாமல் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் மெதுவாக வருகிற ஆளுக்காக நிற்கிற மாதிரி நின்றார். ஒரு தடவை தாங்க முடியாமல், "நான் குளி..." என்று வாய்விட்டுவிட்டு, தன் வாயிலேயே தானே அடித்துக்கொண்டார். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்த கையோடு, "நான்... வெளிய... போணும்," என்றாள். மூன்று வார்த்தை! மாமா விரலை எடுக்க மறந்து நின்றார்.

எல்லா நாளும் அப்படி இல்லை. சில நாள் காலையில் வந்தது சாயங்காலம் வராது. அதிகாரியிடம் சொல்ல "நான் வேலைக்கு வர்றேன்" என்று அவளே ஒரு வாக்கியத்தைப் பொறுக்கி வைத்திருந்தாள். முந்தின நாள் "நான்" என்பதோடு நின்றுபோனது. இடது கையால் கட்டிலை ஓங்கிக் குத்தினாள். மாமாவோ நடப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் நடந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டியில் பின்னால் உட்கார அக்காவால் முடியாது. பஸ்ஸில்தான் போனோம். அதிகாரியின் அறை முதல் மாடியில், குறுகலாக, ஃபைல் அலமாரிகளோடு. அவருக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு போன். பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே, "சொல்லுங்கம்மா. என்ன முடிவு?" என்றார்.

அக்கா, "நான்..." என்றாள்.

பேனா தட்டுகிறது. கீழே வண்டி ஊதுகிறது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது, வார்த்தை வரவில்லை. நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கஷ்டமாத்தான் இருக்கு, இல்லையா? அதனாலதான் சொல்றேன், ஓய்வு எடுத்து..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"சார்," என்றார் மாமா. "அவ இன்னும் முடிக்கல."

அதிகாரி அவரைக் கிண்டலாகப் பார்த்தார். "அந்தப் போன் நல்லாப் பேசுமாமே? அதையே பேசச் சொல்லுங்களேன். எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

"போன்ல இருக்கறது என் பேச்சு சார். அவ பேச்சு வந்துட்டிருக்கு. கொஞ்சம் இருங்க."

இவரா இப்படிப் பேசுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"நான்..." அக்கா மூச்சு வாங்கினாள். "வேலைய... வி... விட..." மறுபடி நின்றது. விட என்பதோடு நின்றால் எல்லாம் போச்சு. மாமா அசையவில்லை. "விட... மாட்டேன்," என்றாள் அக்கா.

பொறுக்கி வைத்திருந்த வாக்கியம் அது இல்லை. எங்கிருந்தோ அவளே கொண்டுவந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னாள், முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக.

அதிகாரி கல் மனசுக்காரர் இல்லை என்று அப்போது தெரிந்தது. கவுண்டர் இப்போதைக்குத் தர முடியாது என்றார். உள்ளறையில் வண்டிகளின் நேரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இடம் காலியாக இருக்கிறது, இடது கையால் தட்டினால் போதும், பேச்சு தேறட்டும், அப்புறம் கவுண்டரைப் பார்க்கலாம் என்றார். ஓய்வுக் கோரிக்கையை அங்கேயே ரத்து செய்தார். அக்கா சரி என்று தலையாட்டினாள். அவளாக, யோசித்து ஆட்டிய தலை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அவளை பெஞ்சில் உட்கார வைத்தோம். மாமா பெஞ்சுக்கு எதிரில், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா அவர் தோளுக்கு மேலே பார்த்து, கண்ணை விரித்து, "என்னங்க..." என்றாள்.

"சொல்லும்மா," என்றார் மாமா.

"அதோ... நம்ம..."

பஸ் ஒன்று வந்து நின்றது. நான் எந்த பஸ் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா பேச வாயெடுத்திருக்கும்போது பஸ்ஸாவது மண்ணாவது. மாமா அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம..." என்று அவள் இடது கையை ஆட்டினாள். மாமா பொறுமையாகத் தலையை அசைத்தார். ஒன்றும் அவசரமில்லை என்கிற மாதிரி. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கதவு மூடியது. பஸ் புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது.

"...பஸ்ஸு," என்று முடித்தாள் அக்கா.

போகிற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற தன் புருஷனைப் பார்த்தாள். முகம் சிவந்தது. அடுத்து வந்ததில் தடங்கலும் இல்லை, தேடலும் இல்லை. ஒரே மூச்சு.

"பஸ்ஸ விட்டுட்டீங்களே, மனுஷா!"

ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா இரண்டு கையையும் அவள் முழங்காலில் வைத்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, "இன்னொரு வாட்டி திட்டு," என்று கெஞ்சினார்.